தயிர்ச்சட்டிக்கு ஏற்ற கார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடுகிற எதையும் சும்மா விடமாட்டேன். (வீட்டு மின்விசிறியை என் கையிலிருந்து காப்பாற்ற உம்மா பட்ட பாடு தனிக்கதை.)

யுத்தம் முடிந்த கையோடு ஒரு பழைய ஜப்பான் வேகக் காரை வாங்கினேன். சத்தத்தில் விமானம், சவாரியில் மாட்டு வண்டில். அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, உடைத்து விற்ற வேறொரு காரிலிருந்து குலுக்கலைத் தாங்குகிற மின்சார ஷொக் அப்சோபர் நான்கைக் கழற்றி வந்து பூட்டினேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டி மோட்டார். எனக்கு முன்னால் ஒரு குமிழ். இடப்பக்கம் திருப்பினால் இறுகும், வலப்பக்கம் திருப்பினால் இளகும். வயர் வேலையும் நானேதான். புதிதாகத் தார் போட்டு வழவழவென்றிருந்த காபட் வீதியில் ஓட்டிப் பார்த்தேன். பஞ்சு மெத்தை! (அந்த வீதியில் மாட்டு வண்டிலும் பஞ்சு மெத்தைதான் என்பது அப்போது உறைக்கவில்லை.)

அந்தக் கிழமைதான் பரீனாவின் வாப்பாவும் உம்மாவும் கல்முனையிலிருந்து மாவடிப்பள்ளிக்கு, என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பரீனாவை ஒரு கல்யாண வீட்டில் கண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களோ பிடி கொடுக்காமல், "வீட்ட போய் யோசிச்சிச் சொல்றம்" என்று எழுந்தார்கள். என் உம்மா ஒரு தயிர்ச்சட்டியைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் ஓட்டோ பிடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஓட்டோ எதுக்கு மாமி? என்ட காரில வாங்க. ஒரு சொட்டுத் தயிரும் சிந்தாது."

மாமி, அதாவது பரீனாவின் உம்மா, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மாமா.

வழியில் இருந்த யுத்தகால ராணுவக் காவலரண்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். அவற்றுக்கு முன்னால் போட்டிருந்த வேகத்தடைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. முதலாவதில் ஏறியதுமே மாமி, "யா அல்லாஹ்! குலுக்குது மகன்!" என்றார்.

"இந்தா மாமி, இப்ப மெத்தையாக்குறன்" என்று குமிழை வலப்பக்கம் திருப்பினேன்.

அடுத்ததில் மாமாவின் தொப்பி கூரையில் முட்டியது.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க மகன்!" என்றார் மாமி.

திருப்பினேன். அவர் கத்தக் கத்தத் திருப்பினேன். குமிழ் அதற்கு மேல் போகாது என்று நின்றபோது கடைசி வேகத்தடை வந்தது. தயிர்ச்சட்டி மடியை விட்டு எழும்பி, மாமாவின் தலையில் கவிழ்ந்தது. வயரை இடம் வலம் மாற்றிக் கொழுவியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

மாமா இறங்கினார். புருவத்தில் தயிர் வழிய, ஓட்டோ ஒன்றுக்குக் கை காட்டினார். என் கல்யாணம் அந்த ஓட்டோவில் ஏறிப் போவதை வீதியில் நின்று பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், சம்மதம் என்று ஆள் வந்தது!

பரீனாதான் பிறகு சொன்னாள். மாமா சரிவராது என்று ஒற்றைக்காலில் நின்றாராம். மாமி விடவில்லையாம். "அந்தப் புள்ள நான் கத்தின உடனே ஒவ்வொருக்காவும் திருப்பினான். உங்களக் கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து நானும் கத்துறன். நீங்க ஒருக்காவாவது திரும்பிப் பாத்தீங்களா?"

வயரைச் சரிசெய்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் நான் எதையாவது தலைகீழாகச் செய்து வைத்தால் பரீனா, "குமிழ மத்தப் பக்கம் திருப்புங்க" என்பாள். மாமி என் காரில் முன் இருக்கையில்தான் வருவார். மாமா மட்டும் இன்றுவரை ஏறியதில்லை. குடும்பமாக எங்கே போனாலும், அவரும் தயிர்ச்சட்டியும் பின்னால் ஓட்டோவில் வருகிறார்கள்.