வாய் இல்லாத மூஞ்சிகளும் ஒரு சிவப்புப் பொட்டும்

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகம். அதன் இரண்டாம் எண் கணினியில், பொதுமக்கள் நலன் கருதி, பதினான்கு இணையப் பக்கங்கள் காலை முதல் மாலை வரை திறந்தே இருக்கும். பதினான்குக்கும் ஒரே முத்திரை. எல்லாப் பெயரும் 'அரசு' என்றே தொடங்கும், அதற்குமேல் திரையில் இடம் கிடையாது. ஆகவே பிறப்புச் சான்றைத் தேடிப் போனால் இறப்புச் சான்று திறக்கும். பதறிப்போய் அதை மூடினால் கறவை மாட்டுத் தடுப்பூசி வந்து நிற்கும்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் ஒப்பந்த ஆபரேட்டர் அபிநயா, மூன்று வருஷமாக இப்படிக் குத்துமதிப்பாகத்தான் மக்கள் சேவை செய்துவந்தாள். தாமதத்துக்கான திட்டு மட்டும் குத்துமதிப்பு இல்லாமல் நேராக அவளுக்கே வரும்.

ஒரு திங்கட்கிழமை, பஸ்ஸில் பார்த்த வீடியோவின் புண்ணியத்தில், ஒவ்வொரு பக்கத்தின் பெயருக்கு முன்னாலும் ஒரு சின்னப் பொம்மைப் படம் போட்டாள். பிறப்புக்குப் பால் பாட்டில். இறப்புக்குப் பறந்து போகும் பறவை. வேளாண்மைக்கு அவள் அப்பா கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கின் போட்டோ. இருப்பிடச் சான்றுக்குத் தேன்கூடு. குறைதீர்ப்புக்கு அழுகிற மூஞ்சி.

பதினோரு மணிக்கு வரிசை தீர்ந்துவிட்டது. அந்த அலுவலக வரலாற்றில் அப்படி ஒரு அசம்பாவிதம் நடந்ததே இல்லை. வாசல் டீக்கடைக்காரர் உள்ளே வந்து, "இன்னா சார், இன்னிக்கு லீவா?" என்று கேட்டபிறகுதான் கண்காணிப்பாளர் ஆதிமூலம் விஷயத்தின் தீவிரத்தை உணர்ந்தார். எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தேன்கூடு?"

"இருப்பிடம் சார். தேனீக்கு அதானே வூடு."

"மலைக்காரங்க மனு குடுக்கற எடத்துல தேனைக் காட்டறே. நாம லஞ்சமா தேன் வாங்கறோம்னுல்ல ஆயிடும்? சரி, இது ஏன் அழுவுது?"

"குறைதீர்ப்பு சார். வர்றவங்க அழுதுக்கினுதான் வராங்க."

"அரசாங்கத்துல ஜனங்க அழுவறாங்கன்னு எழுதிக் குடுத்தா மாதிரி இருக்கு."

"சிரிக்கிற மூஞ்சி வெச்சிடட்டுங்களா சார்?"

"ஜனங்க குறைய சொன்னா அரசாங்கம் சிரிக்குதுன்னு ஆயிடும்!"

அபிநயா பொம்மைகளை எடுத்துவிடக் கையைக் கொண்டுபோனாள். ஆதிமூலம் தடுத்தார். "போட்டதுக்கு அனுமதி இல்லைன்னா எடுக்கறதுக்கும் அனுமதி கெடையாது. உத்தரவு வர்ற வரைக்கும் எதையும் தொடாதே, மனுவும் வாங்காதே."

மறுநாள் காலை மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பெரியநாயகி வந்தாள். மகள் ஷாலினிக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. இருப்பிடச் சான்றுக்கு மனு போட்ட ரசீதை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் காட்டாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"பொம்மைக்கு ஆர்டர் வரணும்க்கா," என்றாள் அபிநயா. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் பொம்மை கேக்கலியே பாப்பா. ரசீதுதான் கேக்கறேன்."

நியாயமான பேச்சு. ஆனால் நியாயத்துக்கு அங்கே தனிப் பக்கம் இல்லை.

புதன்கிழமை, பொம்மைகளை ஆராய ஐவர் குழு கூடியது. மரவள்ளிக்கிழங்கு போட்டால் கரும்பு விவசாயிகள் மனம் புண்படும் என்று பதிவு செய்தது. பறவை எந்த மதத்தின் மோட்சம் என்று இரண்டு மணி நேரம் விவாதித்தது. எதற்கும் மலைவாழ் மக்களின் கருத்தையும் நேரில் அறிவோம் என்று தீர்மானித்து, வியாழக்கிழமை ஜீப்பில் கரியாலூர் ஏறியது. அருவியில் குளித்தது. நாட்டுக்கோழி சாப்பிட்டது. பிறகு ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. பூட்டியிருந்தது. அது பெரியநாயகியின் வீடு. அவள் அப்போது கள்ளக்குறிச்சியில், இதே குழுவுக்காக அலுவலக வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். 'மலைவாழ் மக்கள் இதில் ஆர்வம் காட்டவில்லை' என்று குழு குறித்துக்கொண்டு இறங்கியது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு உத்தரவு வந்தது. பாரபட்சத்துக்கு இடமளிக்காமல், எந்த உணர்ச்சியையும் வெளிக்காட்டாமல், அரசின் மாண்புக்கு ஏற்ற ஒரே பொம்மை பதினான்குக்கும் அனுமதிக்கப்பட்டது. வாய் இல்லாத மூஞ்சி. பக்கங்களின் வரிசையும் துறைகளின் மூப்புப்படி மாற்றப்பட்டிருந்தது.

பதினான்கு ஊமை மூஞ்சிகள் அபிநயாவைப் பார்த்தன. முதலாவதைத் தட்டினாள். மாடு. இரண்டாவது, இறப்பு. ஒன்பதாவதில் இருப்பிடச் சான்று கிடைத்தது. அது குடும்ப அட்டையின் புது எண்ணைக் கேட்டது. அதைத் தேடி வேறு பக்கம் போனாள், எண் கிடைத்தது. திரும்பி வந்தால் மறுபடி மாடு.

"மணி நாலே முக்கால் பாப்பா," என்றாள் பெரியநாயகி.

அதைக் கேட்டதும் அபிநயாவுக்கு ஆத்திரம் பொங்கியது. தட்டித் தடவி மறுபடி இருப்பிடத்தைப் பிடித்தாள். பிடித்ததும் தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டைப் பிய்த்து, அந்த மூஞ்சிக்கு நேராகத் திரைக் கண்ணாடியில் ஒட்டினாள். அதற்கப்புறம் எங்கே போனாலும் பொட்டைப் பார்த்துத் திரும்பி வந்தாள். நான்கு ஐம்பத்தேழுக்கு ரசீது வெளியே வந்தது. அதைப் போட்டோ எடுத்து, கல்லூரியில் காத்திருந்த மகளுக்கு அனுப்பிய பெரியநாயகி, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆதிமூலம் பொட்டை வெகுநேரம் ஆராய்ந்தார். "உத்தரவு கம்ப்யூட்டருக்கு உள்ளதான். இது வெளிய, கண்ணாடி மேல இருக்கு. நம்ம செக்ஷன் இல்ல," என்று தீர்ப்பளித்துப் போனார்.

வரிசையில் முதலாவதாக நின்ற இருசம்மாள் பொட்டு வைத்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். பின்னால் நின்றவர்களும் கழற்றினார்கள். அவள் மனு ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது. செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு முழம் மல்லிகை சாற்றினார்கள். புதன்கிழமை சூடம் ஏற்றினார்கள். வியாழக்கிழமை ஷாலினி கல்லூரியில் சேர்ந்த சந்தோஷத்தில் பெரியநாயகி ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து கீபோர்டுக்கு முன்னால் வைத்தாள். "படையல்தானே, லஞ்சத்துல வராது," என்றார் ஆதிமூலம். சொன்னவர் தன் இடமாறுதல் மனுவோடு, செருப்பில்லாமல், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சர்வர் படுத்தது. முன்பெல்லாம் சர்வர் படுத்தால் அலுவலகமே கூச்சலில் எழுந்துவிடும். அன்று ஒரு சத்தமும் இல்லை.

"நடை சாத்திட்டாங்க," என்றாள், அடுத்த மனுவோடு வந்திருந்த இருசம்மாள். அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வராந்தாவில் அமைதியாக உட்கார்ந்தார்கள்.

அது வெறும் அடையாளப் பொட்டுதான், சர்வர் வேலை செய்யவில்லை, எழுந்து போய் அதிகாரிகளைக் கேளுங்கள் என்று சொல்ல அபிநயா வாயைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஒருவரும் திட்டவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.