அறுபத்தொன்று வாங்கிய மருமகன்

அன்பிற்குரிய தங்கை லெம்பிக்கு,

டுலூத்திலிருந்து உன் அண்ணன் ரெய்னோ சொல்லச் சொல்ல மகள் கார்லா எழுதுவது. நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். நான் மட்டும் பிளந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உன் வீட்டுக்கே வந்துவிடப் போகிறேன், பின் அறையை ஒழித்து வை. காரணத்தைக் கேள்.

மருமகன் டாரல் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவன் அல்லவா? துறைமுகத்தில் தாது ஏற்ற வரும் கப்பலை எந்த மேடையில் கட்டுவது என்று முடிவு செய்கிற நிரல். அவர்கள் ஆபீசில் ஒரு கருவி இருக்கிறதாம் லெம்பி, எழுதினது சரியா தப்பா என்று அது பார்க்காதாம், மனுஷனுக்குப் புரிவது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் அளந்து எண் போடுமாம்! 'இப்படி இருந்தால்' என்று எழுதினால் ஒரு புள்ளி, அதன் வயிற்றுக்குள் இன்னொரு 'இருந்தால்' நுழைந்தால் இன்னும் கூடுதல். பதினைந்தைத் தாண்டினால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். டாரலுக்கு அறுபத்தொன்று. நான் விவரம் தெரியாமல் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

"மாமா, இது காய்ச்சல் மாதிரி. ஏற ஏற ஆபத்து," என்றான்.

வேலைக்குப் புதுசு. வெள்ளிக்கிழமைக்குள் எண்ணை இறக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கமாம், சிக்கல் வந்தால் மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்களாம். வாத்து கிடைக்கவில்லை, நான் கிடைத்தேன். கப்பல் வந்துவிட்டால் பனிக்கட்டி உண்டா, உண்டென்றால் இழுவைப் படகு இருக்கிறதா, இருந்தால் மேடை காலியா, காலி இல்லையென்றால் பின்னால் நிற்கிற கப்பல் எது என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தான். எனக்கு அதில் என்ன கஷ்டம்? காலமெல்லாம் அந்த மேடையில் நின்றவன், எழுதத் தெரியாததால் அத்தனையும் தலையிலேயே வைத்திருந்தவன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னேன். பயல் குதித்தான். மறுநாள் ஆபீசுக்குப் போய், "எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத எங்க மாமனாருக்கே புரியுது, உங்க கருவிதான் மக்கு" என்று சொல்லி, அளக்கிற கருவியையே அணைத்துவிட்டு வந்துவிட்டான்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பில் மீன் பொரிகிறது, வாசலில் அவன் மேலாளர், மார்லிஸ் என்கிற அம்மா.

"எங்க அந்த மாமனார்?"

டாரல் எழுதியதை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு சொல் தவறாமல் திருப்பிச் சொன்னேன். டாரல் முகத்தில் விளக்கு எரிந்தது. அவள் கார்லா பக்கம் திரும்பி, "நீங்க நர்ஸ்தானே? இப்ப நீங்க கேளுங்க" என்றாள். மூன்றாவது 'இல்லாவிட்டால்' வரும்போதே கார்லா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு இரு, எந்தக் கப்பல்? ஏன் டாரல், இதை மனுஷங்களுக்கா எழுதினே, பேய்க்கா?"

மார்லிஸ் டாரல் பக்கம் திரும்பினாள். "பாத்தியா தம்பி? இந்த ஊர்லயே இதைத் தலையில தாங்கற ஒரே ஆளைப் பிடிச்சு, அவரை வெச்சு அளந்திருக்கே. நாளைக்கு இதைத் திருத்த வர்றவன் இவரைத் தோள்ல தூக்கிட்டு வரணுமா?"

குற்றம் என் தலை மேல்! நான் என்னடி பண்ணினேன், கேட்டேன், புரிந்தது, அவ்வளவுதானே?

அப்புறம் சாப்பாட்டு மேஜையிலேயே நிரலை வெட்டித் திருத்த ஆரம்பித்தார்கள். பனி இருந்து படகு இல்லையா? காத்திரு, முடிஞ்சது, அடுத்த கேள்விக்குள் நுழையாமல் வெளியே போ. மேடை காலி இல்லையா? காத்திரு, வெளியே போ. இதையெல்லாம் தாண்டி நிற்கிற கப்பலைக் கட்டு. ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று இல்லை. அறுபத்தொன்று ஒன்பதுக்கு இறங்கியது. வேலை தப்பியது. மீன் கருகியது, அதை யாரும் அளக்கவில்லை.

பிறகு டாரல் சந்தோஷமாக என்னிடமே வந்து சொல்கிறான்: "மாமா, இனிமே யாரும் எதையும் ஞாபகம் வெச்சுக்கவே வேண்டாம்!" என்கிட்ட சொல்றான் லெம்பி, ஞாபகத்தை வெச்சே பிழைச்ச என்கிட்ட! இதுக்கு மேல இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு. அதான் வர்றேன்.

உன் கூரைமேல் பனி கொஞ்சமாக விழட்டும், உன் பேரப்பிள்ளைகள் நெடுநாள் வாழட்டும்.

உன் அண்ணன்,
ரெய்னோ

பி.கு.: எழுதி முடித்ததைக் கார்லா படித்துப் பார்த்து, பாதியிலேயே தொலைந்துபோனாள். "அப்பா, உள்ளே உள்ளே போகாதீங்க. ஒண்ணொண்ணாக் கேக்கறேன். டாரலுக்கு வேலை போச்சா?" இல்லை. "உங்களை யாராவது போகச் சொன்னாங்களா?" இல்லை. "அப்புறம் எதுக்கு அத்தை வீட்டுக்கு?" லெம்பி, அறையை ஒழிக்க வேண்டாம்.