செயலாளர் அழக்கூடாது

மூன்றாவது வரிக்கு மேல் கணக்கு வாத்தியாரால் போக முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மாலை ஆறு மணிக்கு நாத்திகர் வாசகர் வட்டத்தில் இதே பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு, நாவலைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். வட்டத்தின் வழக்கம் அது. கடவுள் வந்து போகிற இருபத்து மூன்று நாவல்களை அப்படிக் கந்தலாக்கித்தான் அவர் செயலாளர் ஆனார். இந்த முறை தலைவரே, "உங்களை விட்டா ஆளில்லை" என்று தோளைத் தட்டிப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். இன்று குரல் உடைந்தால் பதவியும் போச்சு, மானமும் போச்சு.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த, கண் தெரியாத ஒரு தாய். தினமும் கடவுள் அந்த மகனின் குரலில் வந்து தண்ணீர் கேட்கிறார். வந்தது மகன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொம்பை நீட்டுகிறாள்.

"என்னங்க, அழறீங்களா?" பிரார்த்தனையை முடித்துவிட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சேச்சே, தூசி."

உடனே சொட்டு மருந்து வந்தது. போன வருஷத்து மருந்து. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டன.

கேட்டுக் கேட்டு மரத்துப்போனால் சரியாகிவிடும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. "இந்தப் பக்கத்தை நீ ஒரு பத்து தடவை படியேன்" என்றார். அவள் மளிகைப் பட்டியல் மாதிரி படித்தாள். முதல் தடவையிலேயே அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

"உனக்கு அழுகையே வரலையா?"

"எதுக்கு வரணும்? கடவுள் இப்படியெல்லாம் வந்து தண்ணி கேக்க மாட்டாருங்க. யாரோ கதை விடறாங்க, நீங்களும் நம்பிக்கிட்டு!"

இருபது வருஷமாக அவர் அவளிடம் சொல்லிவந்த வசனம் அது. வாத்தியாருக்கு அழுகையோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணுல ஒண்ணுமே இல்லையே சார்?"

"இல்லாட்டிப் பரவாயில்லை டாக்டர். ஒரு வாரம் புத்தகத்தைத் தொடக்கூடாதுன்னு சர்டிபிகேட் மட்டும் குடுங்க. வாசகர் வட்டத்துல தலைவர் என்னை நம்பி ஒரு நாவலைக் குடுத்திருக்கார். அவர் முன்னாடி நான் அழுதா நல்லாவா இருக்கும்?"

"உங்க தலைவரா?" டாக்டர் சீட்டை எழுத ஆரம்பித்தார். "போன வாரம் இதே சர்டிபிகேட்டைக் கேட்டு வந்து அவர் அழுத அழுகையைப் பாத்துட்டு, எங்க நர்ஸ் அந்த நாவலைக் காசு குடுத்து வாங்கிட்டாங்க சார்!"