அண்ணாந்து குடித்த ஒயின்

நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மது குடித்திருக்கிறேன். அதிலும் முக்கால்வாசியைக் குடித்தது நான் போட்டிருந்த கோட்டு. இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். என் சின்ன மகன் சொல்லும்போது நான் பீப்பாய்க்குள்ளேயே விழுந்துவிடுகிறேன். சம்பந்தப்பட்டவனே எழுதிவைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

ஐம்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயது. ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை ஏற்றிவரும் ஒரு சரக்குக் கப்பலில் வேலை. ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க என் அம்மா "எம்புள்ள கப்பல்ல ஆபீசரு" என்று சொல்லிவைத்திருந்தாள். ஆபீசர்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறவன் என்பதுதான் முழு விவரம். (அதிலும் ஆபீசர் வருகிறாரா இல்லையா?)

திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை மேஸ்திரியாக இருந்த கன்னியப்பன் எனக்கு மாமா முறை. அவர் மகள் தனம் எனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. நான் கப்பலேறிய பிறகு மாமா இரண்டு நிபந்தனை போட்டார்.

"தட்டு கழுவுறவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். தைக்குள்ள மேல் வேலைக்குப் போயிரு. அப்பால, கப்பல்காரன்னா குடிப்பான்னு ஊரே சொல்லிக்கினு கீது. ஒரு சொட்டு உள்ள போச்சின்னு தெரிஞ்சா இந்த வூட்டு வாசல மிதிக்காத."

அப்போது மெட்ராஸில் மதுவிலக்கு. மாமாவின் தம்பி கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போனவர். இரண்டாவது நிபந்தனையைச் சொல்லும்போது மாமாவின் குரல் இறங்கிவிட்டது. நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். கதவுக்குப் பின்னால் தனத்தின் வளையல் சத்தம் கேட்டது. அந்தத் தெம்பில், மூன்றாவதாக எதையாவது கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

எங்கள் கப்பலின் பட்லர் அந்தோணி அண்ணன். அவரும் ராயபுரத்துக்காரர்தான். அடிலெய்டு துறைமுகத்தில் கோதுமை ஏறிக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நைனா, கேப்டன் மேசைக்குப் பரிமாற ஆளு கேக்குறாரு. உன் பேரச் சொல்லிக்கீறேன். ஆனா அந்த மனுசனுக்கு ஒயின்னா உசுரு. எந்த ஒயினு இன்னா ருசின்னு தெரிஞ்சவன்தான் வேணுமாம். நாளைக்கு டவுனுக்குப் போறாரு. நீயும் வா."

"அண்ணே, நான் குடிக்க மாட்டேன்னு மாமாகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே."

"யாரு உன்ன குடிக்கச் சொன்னா? வாய்ல ஊத்தி, ஒரு தபா கொப்புளிச்சி, துப்பிரணும். அவ்ளோதான். பெரிய பெரிய தொரையே துப்புறான்."

எனக்கு உயிர் வந்தது. கொப்பளித்துத் துப்புவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் எங்கள் தெருக்குழாயடியில் செய்ததுதான். ஒரு சொட்டும் உள்ளே போகாது, மேல் வேலையும் கிடைக்கும், தையில் கல்யாணம். அன்று கழுவிய தட்டெல்லாம் பளபளத்தது.

மறுநாள் அந்தோணி அண்ணன் தன் வெள்ளைக் கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். வண்ணாரப்பேட்டைத் தையல்காரர் தைத்தது. என் உடம்பில் அது இரண்டு ஆளுக்கு இடம் விட்டு நின்றது.

நகரத்துக்குள்ளேயே ஒரு ஒயின்காரரின் நிலவறை இருந்தது. கதவைத் தட்டினால் அவரே உள்ளே அழைத்துப்போய், ருசி பார்க்கச் சொல்லி, பிடித்ததைப் பெட்டியில் அடுக்கித் தருவார். தாடி வைத்த கிழவர். படியிறங்கினால் சில்லென்ற இருட்டு, வரிசையாகப் பீப்பாய்கள். புளித்த மாவும் பழக்கடையும் கலந்த வாசனை. தரையில் துப்புவதற்கு ஒரு வாளி. வாளியைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

கிழவர் கடைசிப் பீப்பாயின் முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். அது நூறு வருஷத்துத் திராட்சைக் கொடிகளின் ஒயின். அவருடைய தாத்தா நட்ட கொடிகள். அவ்வளவு வயதான கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், ஆனால் காய்ப்பதெல்லாம் சாறு. அந்தப் பீப்பாய் ஒயினைத் தாத்தாவின் கிளாஸில்தான் ஊற்றுவார்களாம், வேறு கிளாஸ் கிடையாதாம். சொல்லிவிட்டு அந்த ஒற்றைக் கிளாஸில் ஊற்றிக் கேப்டனிடம் நீட்டினார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. கேப்டன் முகர்ந்தார், உதடு வைத்து உறிஞ்சினார், துப்பினார். அதே கிளாஸ் அந்தோணி அண்ணனிடம் வந்தது. அவரும் உதடு வைத்தார். அப்புறம் என் கைக்கு வந்தது. நான் குடித்தபின் கிழவருக்குப் போக வேண்டும்.

ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதா? எங்கள் வீட்டில் அப்பாவின் டம்ளரில் அம்மாகூட அண்ணாந்துதான் குடிப்பாள். நான் எச்சில் பண்ணிய கிளாஸை ஒரு பெரியவரிடம், அதுவும் தாத்தாவின் கிளாஸை, எப்படித் திருப்பிக் கொடுப்பது? மரியாதை தெரிந்த பிள்ளையாக நடந்துகொள்ள முடிவு செய்தேன். (இந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஆகியிருக்கிறது.) கேப்டனின் முன்னால் நிமிர்ந்து நின்றேன். தலையைப் பின்னால் சாய்த்தேன். கிளாஸை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, வாய்க்கு நேராகக் கவிழ்த்தேன்.

நம்முடைய டம்ளருக்கு விளிம்பு மடிந்திருக்கும், தண்ணீர் ஒரே தாரையாக இறங்கும். ஒயின் கிளாஸுக்கு அந்த வசதி கிடையாது. வயிறு பெருத்து வாய் குறுகின அந்தப் பாத்திரம் முதலில் ஒன்றும் தரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மொத்தமாகத் தந்துவிட்டது. மூக்குக்குள் கொஞ்சம், கண்ணில் கொஞ்சம், மீதியெல்லாம் கோட்டில். தொண்டைக்குள் போனது புரையேறி, நான் இருமிய இருமலில் கேப்டனின் வெள்ளை நிஜார் முழங்கால்வரை சிவந்தது. வாளி பக்கத்திலேயே சும்மா இருந்தது.

ஒயின் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கிழவர் மெதுவாக, இவன் ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்டார். அந்தோணி அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அடுத்தவருக்குப் போகும் பாத்திரத்தில் வாய் வைப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை என்று விளக்கினார். கிழவர் யோசித்தார். கிளாஸை வாங்கி, கொஞ்சம் ஊற்றி, என்னைப் போலவே அண்ணாந்து குடித்துப் பார்த்தார். தாடி முழுக்க ஒயின். சிரித்த சிரிப்பில் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தோளில் தட்டினார்.

கேப்டன் சிரிக்கவில்லை. கப்பலுக்குத் திரும்பியதும் நான் மறுபடி தட்டு கழுவப் போனேன்.

ஊர் வந்து சேர்ந்த நாலாம் நாள் அந்தோணி அண்ணனையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் போனேன். வழியெல்லாம் அவர் சொன்னார்: "வேல கெடைக்கலன்னு மட்டும் சொல்லு. ஒயினு மேட்டரு வாணாம். மேஸ்திரிக்கு எப்படித் தெரியப்போவுது?" எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் மாமா எதிரில் உட்கார்ந்ததும் அவர் தம்பியின் படம் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மேல் வேலை கிடைக்கல மாமா. ரெண்டு சொட்டு உள்ளயும் போயிருச்சு."

மாமா என் முகத்தையும் தம்பியின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தோணி அண்ணன் தாங்கமாட்டாமல் எழுந்து, காலி டம்ளரை வைத்து நான் குடித்த அழகை நடித்துக் காட்டினார். "இவன் குடிச்சான்னு சொன்னா அந்த ஒயினே ஒத்துக்காது மேஸ்திரி. அத்தினியும் மூஞ்சி மேல."

மாமாவின் மீசை முதலில் துடித்தது. அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்று அத்தை பின்னால் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என் தம்பி கடைசிவரைக்கும் குடிக்கலன்னுதான் சொல்லிக்கினு இருந்தான். நீ ரெண்டு சொட்டுக்கு வந்து கணக்கு சொல்ற. தட்டு கழுவுனா இன்னா, தையில வச்சிக்கலாம்."

அந்தோணி அண்ணன் இன்று இல்லை. ராயபுரம் பக்கம் போகும்போதெல்லாம் அவர் குரல் வேண்டுமென்று இருக்கிறது.

கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தார்கள். வழக்கப்படி நான் கொஞ்சம் குடித்துவிட்டு டம்ளரைத் தனத்திடம் நீட்டினேன். மிச்சத்தை அவள் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் தலையைச் சாய்த்து, டம்ளரை ஒரு முழம் தூக்கி, கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தாள். பட்டுப்புடவையில் ஒரு துளி விழவில்லை. "பாத்துக்கோ, இப்படித்தான்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம் எதிலும் மணப்பெண் அண்ணாந்து குடிக்காமல் விட்டதில்லை. போன ஆவணியில் பேத்தி கல்யாணத்தில் பால் சிந்தாமல் இறங்கியதும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தனத்திடம் பயபக்தியோடு, இது உங்கள் குலவழக்கமா என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அவள், முகத்தை இம்மியும் மாற்றாமல். "எங்க வூட்டுக்காரரு ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சு வச்சது."