நானூறு குறைகிறது

“ஏமாத்திட்டான்டீ! நானூறு குறையறது!”

பத்மநாபன் போட்ட சத்தத்தில் மகள் அம்ருதாவின் கையிலிருந்த அவல் போஹா தட்டு ஆடிப்போயிற்று.

விஷயம் இதுதான். அவளுக்கு ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் டிராயிங்கைக் காலேஜ் சைட்டில் ஏற்றாவிட்டால் ஒரு வருஷம் அம்போ. வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே முக்கி முனகியதால், அப்பா கடைக்கு போன் பண்ணிப் புது மெமரி வரவழைத்து, தானே மாட்டியும் விட்டார். ஜோராக ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் ஸ்பீடு எவ்வளவு என்று பார்த்துத் தொலைத்தார்.

“நான் கேட்டது மூவாயிரத்து அறுநூறு. இது காட்டறது மூவாயிரத்து இருநூறு!”

“ஸ்டிக்கர்லயே அப்படித்தான்ப்பா போட்டிருக்கு. நன்னா ஓடறது, விட்டுடேன்.”

“ஸ்டிக்கர் யார் வேணா ஒட்டலாம். போசரி ஃபேக்டரில இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்டீ நான். ஒரு மைக்ரான் குறைஞ்சாலும் திருப்பி அனுப்பறவன்!”

மணி மூன்று. யாரோ ஒருத்தர் வீடியோவில் சொன்னபடி செட்டிங்கில் போய் 3600 என்று தட்டினார். திரை இருண்டது. அப்புறம் வெளிச்சமே வரவில்லை.

“அர்ரே அப்பா! என் டிராயிங்!”

“சேவ் பண்ணினியோல்லியோ?”

“பண்ணேன். திறக்கறதுக்குக் கம்ப்யூட்டர் வேணுமே!”

வீடியோக்காரர் அதற்கும் வழி வைத்திருந்தார். போர்டில் இருக்கும் பொட்டு பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார். மாட்டியதும் உயிர் வந்தது. ஆனால் ஸ்பீடு இப்போது 2133. தேதி 2019 ஜனவரி ஒன்று. காலேஜ் சைட் திறக்கவே மாட்டேன் என்றது.

“தேதியை மாத்தினா போறும்ப்பா, தள்ளு!”

“இரு, இரு. மெமரியை இடம் மாத்திச் சொருகிட்டா எல்லாம் சரியாயிடும்.”

சொருகினார். கம்ப்யூட்டர் மூன்று தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. அம்ருதா அழுதேவிட்டாள்.

பத்மநாபன் மெமரி அனுப்பிய விமான் நகர் கடைக்காரனுக்கு போன் போட்டார்.

“ஹலோ! ஆப்கா மெமரி ஏக்தம் ஃப்ராடு ஹை! ஜல்தி ஆவ்!”

போனைக் கட் பண்ண மறந்து மகள் பக்கம் திரும்பினார். “வரட்டும் அந்தக் கேடி. மதராஸிதானேன்னு எளப்பமா நினைச்சுட்டான். என் இந்தியைப் பத்தி அவனுக்குத் தெரியாது.”

நாலரை மணிக்குக் கடைக்காரர் டெக்ஸ்டர் ஹெல்மெட்டும் கையுமாக வந்தார். நாற்பது வயசிருக்கும். மெமரியைக் கழற்றி, பழைய இடத்திலேயே க்ளிக்கென்று அழுத்தினார். 3200 என்று வைத்தார். தேதியைத் திருத்தினார். டிராயிங் திறந்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு அம்ருதா, “போயிடுத்து!” என்று துள்ளினாள். பத்மநாபன் சுவாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பயம் தெளிந்ததும் கோபம் திரும்பி வந்தது.

“க்யா பாய்! ஃபிர் சே கம் வெச்சுட்டியே! ஹம் பத்தீஸ் சௌ போலா நா? பத்தீஸ்!”

அம்ருதா தலையில் அடித்துக்கொண்டாள். டெக்ஸ்டர் வாசலில் நின்று நிதானமாக ஹெல்மெட்டை மாட்டினார்.

“அங்கிள், எங்க வீட்லயும் தமிழ்தான், அடுத்த தரம் தமிழ்லயே சொல்லுங்க. போன்ல நான் இந்தில ‘சத்தீஸ் சௌ?’ன்னு, அதாவது முப்பத்தாறு நூறான்னு, கேக்கத்தான் செஞ்சேன். நீங்கதான் ‘நஹி, பத்தீஸ்’னு அடம்பிடிச்சு முப்பத்திரண்டு நூறு வாங்கினீங்க!”