நின்ற வண்டியின் நெடும்பயணம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரிய அறிவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்தை உருட்டாமலே ஒன்பது ஊர் போய்வரலாம் என்று கண்டுபிடித்தவர் என் மச்சான், அதாவது என் அக்கா கணவர். படத் தயாரிப்பாளர். அவர் எடுத்த மூன்று படங்களும் ஓடவில்லை. நான்காவதாக ஒரு பயணப் படம் எடுத்தார். அதில் வண்டியும் ஓடவில்லை. கலையுலகில் இப்படியொரு கொள்கைப் பிடிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் துணிக்கடையில் வளர்ந்தவன். துணியை விரிக்கும்போதே வந்தவர் கண் எந்தக் கரையில் நிற்கிறது என்று பார்த்து விலை சொல்லும் பரம்பரை. "இந்தக் கண்ணு கலைக்குத் தேவை மாப்ள" என்று மச்சான் என்னைக் கல்லாவிலிருந்து பிடுங்கி 'நிர்வாகத் தயாரிப்பாளர்' ஆக்கினார். வேலை என்னவென்று கேட்டேன். "தலையாட்டறது" என்றார். கடையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதால் சிரமம் தெரியவில்லை.

படத்தின் கதை உண்மைக் கதை. போன வருஷம் மச்சான் நொடித்துப்போயிருந்த நேரத்தில், ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய் விநியோகஸ்தர்களைப் பார்த்தார். எடுக்காத படத்தின் பாட்டைப் பாடிக் காட்ட ஒரு பாடகியையும் கூட்டிப்போனார். அந்தம்மா டிராக் பாடுகிறவர். இசையமைப்பாளர் போட்ட மெட்டை முதலில் ஒருவர் பாடிப் பதிவு செய்து வைப்பார். அதைக் கேட்டுப் பெரிய பாடகர் வந்து பாடுவார். பாடி முடித்ததும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். அந்த முதல் குரல்தான் டிராக். வீடு கட்டி முடிந்தால் சாரத்தைப் பிரிப்பதில்லையா? சாரம் அழுததாக எந்தக் கொத்தனாரும் சொன்னதில்லை.

பதினான்கு வருஷத்தில் முன்னூற்றுச் சொச்சம் பாட்டுக்குச் சாரமாக நின்றவர் அவர். கூச்ச சுபாவம். யார் முகத்தையும் பார்த்துப் பாட வராது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால்தான் தொண்டை திறக்கும். அதனால் எல்லாரும் 'சுவரம்மா' என்று கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அதை ஏதோ சங்கீதப் பட்டம் என்று நினைத்துக் கும்பிடுவதும் உண்டு.

வேனிலும் பின்கதவைப் பார்த்து உட்கார்ந்துதான் ஒன்பது ஊரும் பாடினார். விநியோகஸ்தர்கள் உருகினார்கள். திரும்பி வரும் வழியில் மச்சானுக்குப் பொறி தட்டியது: இந்தப் பயணமே ஒரு படம்! கூச்சப்படும் பாடகி, கஷ்டப்படும் தயாரிப்பாளர், ஒன்பது ஊர், ஒன்பது பாட்டு. கடைசிக் காட்சியில் பாடகியின் குரலை அழிக்கப்போகும் நேரத்தில் தயாரிப்பாளர் பாய்ந்து வந்து கத்துவார்: "அழிக்காதே! இது அவளோட குரல்!" இந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் மச்சான் அழுதுவிடுவார். ஒருநாளைக்கு நான்கைந்து தடவை சொல்வார்.

சுவரம்மாவிடம் ஒப்பந்தம் பேச என்னை அனுப்பினார். பேரத்துக்குத் தயாராகப் போன எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"சம்பளம் நீங்க பாத்துக் குடுக்கறது சார்" என்றார் சுவரைப் பார்த்தபடி. "ஒரே ஒரு பாட்டு மட்டும் என் குரல்லயே இருக்கட்டும்."

"என்னம்மா, திடீர்னு?"

"என் பொண்ணு நாலாவது படிக்கிறா. எங்கம்மா பாடகின்னு கிளாஸ்ல சொல்லியிருக்கா. எந்தப் பாட்டுன்னு கேட்டிருக்காங்க. இவ ஒவ்வொண்ணா சொல்ல, இது அவங்க பாடினது, அது இவங்க பாடினதுன்னு மத்த பிள்ளைங்க சொல்ல... இப்ப இவ பேரே 'புளுகுணி' சார்."

மச்சானிடம் சொன்னேன். கண் கலங்கினார். "ஒரு பாட்டு என்ன மாப்ள? ஒன்பது பாட்டும் அவங்க குரல்தான்!"

எங்கள் கடையில், கேட்டதைவிட அதிகமாக ஒருவன் கொடுக்கிறான் என்றால் மடிப்புக்குள் எங்கோ கிழிசல் இருக்கிறது என்று அர்த்தம். இது கலையாயிற்றே என்று தலையாட்டிவிட்டேன்.

படப்பிடிப்பு ஒரு கிடங்கில் தொடங்கியது. நிஜச் சாலையில் வெயில், மழை, வேடிக்கை பார்க்கிற கூட்டம். ஆகவே 'சாலைக்கு ஒழுக்கம் போதாது' என்று கூட்டம் போட்டு ஒருமனதாகத் தீர்மானித்தோம். வேனின் சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்தினோம். ஜன்னலுக்கு வெளியே பெரிய திரை, அதில் சாலை ஓடும். பக்கத்துக்கு இரண்டு பேராக நான்கு பேர் நின்று வேனை ஆட்டுவார்கள். அவர்களுக்கு 'சாலைப் பிரிவு' என்று பெயர்.

"அண்ணே, இப்ப எந்த ரோடு?" என்று கேட்பார் சாலைப் பிரிவுத் தலைவர்.

"நாலாவது ஊரு. குண்டும் குழியும்" என்பார் இயக்குநர்.

"டேய், குலுக்குங்கடா!"

"நெடுஞ்சாலை வந்தாச்சு!"

"தடவு, தடவு!"

டீ வந்தால் பயணம் நின்றுவிடும். திரையில் இருந்ததோ மூன்று நிமிஷச் சாலை. அதையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். அதில் ஒருவர் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். ஒன்பது ஊரிலும் அவரே போனார்.

"யாராவது கேட்டா என்ன சார் சொல்றது?" என்றேன்.

"கேக்கட்டும்" என்றார் இயக்குநர். "அவர்தான் மனித வாழ்க்கை."

தலையாட்டினேன்.

கண்ணாடி அறையில் பாட வராது என்பதால் சுவரம்மாவின் பாட்டுகளை அந்த வேனுக்குள்ளேயே பதிவு செய்தோம். பயண உணர்வு வேண்டுமென்று அப்போதும் மெல்ல ஆட்டச் சொல்லியிருந்தார் இயக்குநர். ஒன்பதாவது பாட்டு. சுவரம்மா பின்கதவைப் பார்த்து உட்கார்ந்தார். ஒலிப்பதிவாளர் கையசைத்தார். சுவரம்மா ஒரு மூச்சு இழுத்தார், பாடினார்.

இரண்டாவது வரியில் வேன் நின்றுவிட்டது. நான்கு பேரும் தகரத்தில் கைவைத்தபடி அப்படியே நின்றார்கள்.

"டேய், ரோடு எங்கடா போச்சு?" என்று இயக்குநர் கத்தினார்.

"பாட்டு முடியட்டும்ணே" என்றார் தலைவர், இவர் பக்கம் திரும்பாமலே.

எனக்கே அந்த மூன்று நிமிஷம் மனதில் எந்த விலையும் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த வாரம் 'குரல் ஆய்வுக் கூட்டம்' நடந்தது. மச்சான், இயக்குநர், ஒலிப்பதிவாளர், நான்.

"குரல் அற்புதம்" என்று தொடங்கினார் இயக்குநர். "ஆனா அதுல கூச்சம் இல்லியே?"

"அவங்களே கூச்சப்படறவங்கதானே சார்?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"ஆளுக்கு இருக்கு, குரலுக்கு இல்ல. வாயைத் தொறந்துட்டா தைரியமா பாடறாங்க. ஜனங்க நம்பமாட்டாங்க."

"அப்ப கூச்சமா பாட யாரு இருக்கா?"

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "பெரிய குரல்கிட்ட பேசிட்டேன்."

பெரிய குரல் என்பவர் முதல் வரிசைப் பாடகி. லட்சம் பேர் முன்னால், வாணவேடிக்கைக்கு நடுவில், கயிற்றில் தொங்கிக்கொண்டே பாடியவர். கூச்சம் என்றால் எப்படி இருக்கும் என்று விசாரித்தாராம். சுவரம்மாவே வந்து சொல்லித்தருவார் என்று மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்காகச் சுவரம்மாவுக்கு ஒரு பதவியும் உண்டாக்கியிருந்தார்: 'கூச்ச ஆலோசகர்'.

"மச்சான், ஒன்பது பாட்டும் அவங்க குரல்தான்னு சொன்னீங்களே?"

"இப்பவும் சொல்றேன். ஒன்பதையும் முதல்ல பாடினது அவங்கதான். யாராவது மறுக்க முடியுமா?"

"அந்தப் பொண்ணுக்காக ஒண்ணே ஒண்ணாவது..."

"ஒரு பாட்டுல மட்டும் வேற குரல் வந்தா, மத்த எட்டும் யாரோடதுன்னு கேப்பாங்க மாப்ள. உண்மைக் கதை எடுக்கறோம். உண்மை கெட்டுப்போயிடக் கூடாது."

தலையாட்டினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பெரிய குரல் பாடி முடித்த மறுநாள் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். கிடங்கின் ஒரு முனையில் நடிகர் "அழிக்காதே! இது அவளோட குரல்!" என்று கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்த அறையில் ஒலிப்பதிவாளர் அழித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அவர் கை நின்றது.

"சார், நிறுத்தச் சொல்றாங்களா?"

"அது படம். நீங்க வேலையைப் பாருங்க" என்றேன் நான்.

படம் ஓடியது. அந்தக் கடைசிக் காட்சியில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சுவரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்திருந்தார், எனக்கு முன் வரிசையில். எட்டுப் பாட்டு வரை அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. ஒன்பதாவது தொடங்கியதும் துள்ளி எழுந்தாள்.

"அம்மா! இது நீ!" என்றாள். அடுத்த நொடியே, "இல்ல... இப்ப நீ இல்ல. ஆனா பாட்டுக்கு முன்னாடி ஒரு மூச்சு கேட்டுச்சே, அது நீதான்! வீட்ல பாடறப்ப இப்படித்தான் இழுப்பே!"

சுவரம்மா தலைகுனிந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

ஒலிப்பதிவாளரைப் பிடித்துக் கேட்டேன். "பெரிய குரல் மூச்சே இழுக்காம ஆரம்பிச்சுட்டாங்க சார். மொட்டையா இருந்துச்சு. அரை செகண்டுதான். அழிக்க மனசு வரல" என்றார்.

துணியில் ஒட்டு இருந்தால் முதலாளியிடம் சொல்லிவிடுவது எங்கள் பரம்பரை நாணயம். சொன்னேன். மச்சான் பதறிப்போனார். "ஒரு பாட்டுல ரெண்டு பேரு மூச்சு விடலாமா? பெரிய குரலுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" இரண்டாவது வாரத்திலிருந்து அந்த அரை செகண்டையும் நீக்கினோம். அந்தப் பெண் தன் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம், 'மூச்சைக் கேளுங்க, மூச்சைக் கேளுங்க' என்று சொல்லி அழைத்து வந்ததும் அதே இரண்டாவது வாரத்தில்தான்.

ஐம்பதாவது நாள் விழா. பகல் பதினோரு மணி, அதே கிடங்கு. மேடைக்குப் பக்கத்தில் செங்கல்மேல் அதே வேன், மாலையோடு. மச்சான் மைக்கைப் பிடித்தார்.

"குரலைப் பறிகொடுத்த ஒவ்வொருத்தருக்கும் இந்தப் படம் சமர்ப்பணம்!"

கைதட்டல் அடங்கும் முன் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். மைக் இல்லை. சுவரும் இல்லை. நேராக மேடையைப் பார்த்து நின்றார்.

"அந்த அரை செகண்டைத் திருப்பிக் குடுங்க சார்! என் பொண்ணு புளுகுணி இல்ல!"

கிடங்கு முழுக்கக் கேட்டது. வேனின் தகரம் அதிர்ந்ததைப் பார்த்தேன். சாலைப் பிரிவில் ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

மச்சான் கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்பது ஊர் கூடவே போனாலும் அவர் பார்த்ததெல்லாம் முதுகுதான். என் பக்கம் குனிந்தார்.

"யாரு மாப்ள இது? என்ன கனம், என்ன தைரியம்! அடுத்த படம் தைரியமான பாடகி கதைதான். இவங்க நம்பரை வாங்கி வை, டிராக் பாடட்டும்."

நம்பர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. தலையாட்டினேன்.