பேப்பரா, மகளா?

கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு உலகத்தில் எல்லாரும் மேலதிகாரிகள்தான். பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் போ என்றால் போவேன். பின்னால் நிற்கிறவர் முன்னால் போ என்றால் முன்னால் வருவேன். எங்கள் வீடு இருக்கிற டாலிகஞ்சிலிருந்து மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸுக்குள்ளேயே பாதி தூரம் நடந்திருப்பேன். மீன்காரர் "உங்களுக்கு இதுதான் நல்லது" என்று எடுத்துப் போட்டால் எனக்கு அதுதான் நல்லது. (எங்கள் வீட்டுப் பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போலீஸ்காரர் எழுந்திரு என்று சொல்லியும் எழுந்திருக்காமல், பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பத்து ஊருக்குக் கேட்கும்படி ரோட்டில் கத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

என் மகள் தேவகி அப்போது கலெக்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். (எங்கள் தீவில் கலெக்டரே கிடையாது, டி.சி. என்கிற டெபுடி கமிஷனர்தான். இருந்தாலும் தெருவில் கலெக்டர் பரீட்சை என்றால்தான் மரியாதை.) அவள் எடுத்திருந்த பாடம் பொது நிர்வாகம். அதை உட்கார்ந்து படிக்க அவளால் முடியாது. நடந்துகொண்டே யாருக்காவது சொல்ல வேண்டும். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள், குறுக்கே கேள்வி கேட்க மாட்டேன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

"ம் மட்டும் சொல்லும்மா. தூங்கிடாத" என்பாள்.

நான் தேங்காய் துருவிக்கொண்டே ம் சொல்வேன். அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு ஊழியருக்கு ஒரே ஒரு அதிகாரிதான் உத்தரவு போட வேண்டுமாம்.

"ரெண்டு பேர் போட்டா என்ன ஆகும் சொல்லு" என்று கேட்டாள்.

"பஸ்ஸுக்குள்ள நடந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "இதையே உதாரணமா எழுதலாம்போல இருக்கே" என்று சிரித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

இன்னொரு நாள் பேரிடர் என்கிற பாடம் வந்தது. "ஆபத்து வந்தா யார் உத்தரவு போடுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும்மா. ஆளாளுக்கு ஓடக் கூடாது" என்றாள். அதற்கு மட்டும் நான் ம் சொல்லவில்லை.

நாங்கள் இந்தத் தீவுக்கு வருவதற்கு முன்னால் கட்சால் தீவில் இருந்தவர்கள். என் அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறினார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினோம். சுனாமி வந்த காலையில் தரை ஆடியதும், சின்னப் பிள்ளையாக இருந்த தேவகியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். பிழைத்தோம். வீடு பிழைக்கவில்லை. வீட்டோடு எங்கள் கார்டு, பாஸ்புக், பிறப்புச் சான்று எல்லாம் போய்விட்டன. அதற்கப்புறம் நாங்கள் நாங்கள்தான் என்று நிரூபிக்க எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றோம் என்பதற்குக் கணக்கில்லை. அலை வந்துபோனது கொஞ்ச நேரம். க்யூவில் நின்றதுதான் நீளம். அப்படி ஒரு க்யூவில் நிற்கும்போதுதான் தேவகி, "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது யாருப்பா?" என்று கேட்டாள். அவர்தான் ஆபீசர் என்று அவள் அப்பா சொன்னார். "நான் அந்தப் பக்கம் உக்காரப் போறேன்" என்றாள்.

அன்றிலிருந்து என் வழக்கம் என்னவென்றால், வீட்டில் எல்லாருடைய பேப்பரையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைக் கயிறு வைத்த ஒரு துணிப் பையில் வைத்து, சேலைக்குள்ளே இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். தேவகி அதற்கு ரெக்கார்டு ரூம் என்று பெயர் வைத்திருந்தாள். தரை ஆடினால் மேட்டுக்கு ஓட வேண்டும், கையில் பை இருக்க வேண்டும். இங்கே தரை அடிக்கடி ஆடும். மற்றவர்கள் ஃபேன் ஆடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள். எனக்கு அப்படி முடியாது.

பரீட்சை நாள் வந்தது. அது அவளுக்கு இரண்டாவது தடவை. படிப்பதற்காகத் தற்காலிக டீச்சர் வேலையை விட்டிருந்தாள். "இதுவும் போச்சுன்னா அவ்வளவுதாம்மா. கப்பல் டிக்கெட் எழுதுற கடையில கூப்பிடுறாங்க, போயிடுவேன்" என்று முதல் நாள் இரவே சொல்லிவிட்டாள். சொன்ன குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பள்ளிக்கூடம் கடலோர ரோட்டில் இருந்தது. காலையில் ஒரு தாள், மத்தியானம் ஒரு தாள். காலைத் தாளை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மத்தியானத் தாளை எழுதாவிட்டால் அது குப்பைக்குத்தான் போகுமாம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவளுடைய போனை அணைத்து என் கைப்பையில் போட்டிருந்தாள்.

காலைத் தாள் முடிந்து வெளியே வந்தவளின் முகமே, நன்றாக எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டது. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். தூறல் விழுந்தது. ஹால் டிக்கெட்டின் ஓரம் நனைவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதையும் ஆதாரையும் ரெக்கார்டு ரூம்ல வை" என்றாள். வைத்தேன். முடிச்சையும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன்.

"பக்கத்து வீட்டுல பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன். நீ இந்த பெஞ்சை விட்டு நகராத. கேட்டைச் சாத்திட்டாங்கன்னா சாமியே வந்தாலும் திறக்க மாட்டாங்க. யாரு என்ன சொன்னாலும் நகராத. இன்னைக்கு உனக்கு ஒரே அதிகாரி நான்தான், சரியா?"

"சரிங்க மேடம்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் தலை மறைந்ததும் பெஞ்ச் ஆடியது.

பக்கத்தில் யாரோ காலாட்டுகிறார்கள் என்று நினைத்தேன். யாருமில்லை. கண்ணாடி கிளாஸில் டீ வட்டம் வட்டமாக நடுங்கியது. டீக்கடைக்காரர் அடுப்பைவிட்டு நகரவில்லை. "ஹல்கா சா தா, குச் நஹி" என்று பாலை ஆற்றினார். லேசானதாம். நான் அதைக் கேட்டபோது பெஞ்சில் இல்லை. நின்றிருந்த ஆட்டோவுக்குள் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"கஹாங் ஜானா ஹை?" என்று, போகிற இடத்தை ஆட்டோக்காரர் கேட்டார்.

"ஊப்பர்."

"ஊப்பர் மத்லப்?"

"பஹுத் ஊப்பர்."

மேலே என்றால் எங்கே என்று கேட்ட மனிதருக்கு, ரொம்ப மேலே என்று பதில் சொல்லியிருக்கிறேன். நேராகச் சொர்க்கத்துக்கு டிக்கெட் கேட்கிறவளைப் பார்ப்பதுபோல அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஆனால் ஓட்டினார். வழியெல்லாம் நான் தலையை வெளியே நீட்டி, "மேட்டுக்கு வாங்க, ஊப்பர் ஆவோ" என்று கத்திக்கொண்டே போனேன். மளிகைக்கடையில் உப்பு கேட்பதற்கே இரண்டு முறை யோசிக்கிற நான்தான் கத்தினேன். ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். (தேர்தல் நேரம் என்று நினைத்திருப்பார்.)

மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் இறங்கினேன். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. அங்கே ஒரு பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கடல் கீழே எந்தக் கவலையும் இல்லாமல் கிடந்தது.

"க்யா ஹுவா, அம்மா?"

தரை ஆடியதே என்றேன். அதுவா, அது அப்போதே முடிந்துவிட்டதே என்றாள். பிறகு கையில் துணியோடு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அகேலி ஆயீ ஹோ?" என்று கேட்டாள்.

தனியாகவா வந்தீர்கள் என்று அர்த்தம்.

கை தானாக இடுப்புக்குப் போனது. பை இருந்தது. பக்கத்தில் திரும்பினேன். தேவகி இல்லை. கட்சாலில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பேப்பரை விட்டேன். இங்கே பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், மகளை விட்டிருக்கிறேன். அந்தப் பேப்பர் இல்லாமல் மகளால் கேட்டைத் தாண்ட முடியாது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத நம்பர். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் ஒரு தடவை என்னை ஏமாற்றப் பார்த்ததிலிருந்து, தெரியாத நம்பரை எடுக்கவே கூடாது என்பது தேவகி போட்ட உத்தரவு. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. டீக்கடைக்காரரின் போனை வாங்கி அழைத்துக்கொண்டிருந்தது உத்தரவு போட்ட அதிகாரியேதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

துணி எடுத்த பெண் கீழே போகிற குறுக்குப் படிக்கட்டைக் காட்டினாள். பாசி பிடித்த படி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். செருப்பு ஒன்று நடுவில் கழன்று எனக்கு முன்னால் இறங்கிப் போனது. அதைத் தாண்டித்தான் ஓடினேன், எடுக்கவில்லை. அதே நேரம் ஆட்டோக்காரர் டீக்கடைக்குத் திரும்பி, ஊப்பர் ஊப்பர் என்ற அம்மாவின் கதையைச் சொல்லியிருக்கிறார். தேவகி உடனே அவர் வண்டியில் ஏறி ரோட்டு வழியாக மேலே போயிருக்கிறாள். நான் படி வழியாகக் கீழே வந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் அவள் இல்லை. தள்ளிச் சாத்துகிற பெரிய கேட்டைப் பாதி வரை இழுத்துவிட்டு மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு தமிழ்ப் போலீஸ்காரர், உள்ளே பரீட்சை மேற்பார்வையாளர்.

கொஞ்சம் பொறுங்கள், என் மகள் வந்துவிடுவாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரோடு முழுக்கக் கத்திய குரல் அங்கே வரவில்லை. அதற்குப் பதில் முழங்கால் மடங்கியது. கேட் ஓடுகிற தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் தர்ணா என்று நினைத்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

"அம்மா, எந்திரிங்க. கேட்டைச் சாத்தணும்" என்றார் போலீஸ்காரர்.

தலையை ஆட்டினேன். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"இன்கோ ஹட்டாவோ" என்று உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் சொன்னார், என்னை அப்புறப்படுத்தச் சொல்லி.

"சார், கேட்டுக்கு வெளிய இருந்தா நான் பாத்துக்குவேன். பாதி உள்ள இருக்காங்களே. உள்ள உங்க பொறுப்பு."

"பைர் தோ பாஹர் ஹை" என்றார் அவர். என் கால் வெளியே இருப்பதால் நான் வெளியே இருக்கிறேனாம்.

"கால் மட்டும்தான் சார். லேடி போலீஸ் வந்துதான் தூக்கணும். அவங்க பின்பக்கக் கேட்டுல நிக்கிறாங்க."

"ஃபோன் கரோ."

"போனெல்லாம் உள்ள ஆகாதுன்னு காலையில நீங்கதானே சார் வாங்கி வச்சீங்க."

மேற்பார்வையாளர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். போலீஸ்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம் காட்டவில்லை போலிருக்கிறது. அதைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். ரோட்டின் வளைவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாரன் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஆட்டோ. அது நிற்பதற்குள் தேவகி குதித்தாள். கையை நீட்டினாள். நான் முடிச்சைப் பிடித்தேன். மழையில் ஊறி, ஓட்டத்தில் இறுகி, அது கல்லாக இருந்தது. நகம்தான் உடைந்தது.

"சீக்கிரம்மா."

"வரமாட்டேங்குது புள்ள."

அவள் மண்டியிட்டு, என் இடுப்பில் முகத்தை வைத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். வருங்கால கலெக்டர், நட்ட நடு வாசலில். மேற்பார்வையாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார். கயிறு அறுந்தது. பேப்பரை எடுத்தாள், என்னைத் தாண்டிக் குதித்தாள், உள்ளே ஓடினாள். ஆட்டோக்காரரும் போலீஸ்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கேட்டைச் சாத்தினார்கள்.

மீதி மத்தியானம் முழுக்க ஒற்றைச் செருப்போடு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் தள்ளி உட்காரச் சொன்னார். நகரவில்லை.

சாயங்காலம் வெளியே வந்தவளும் நானும் பஸ்ஸில் ஏறினோம். டாலிகஞ்ச் நெருங்கும்போது, "அத்தனை தடவை அடிச்சேனே, ஏம்மா எடுக்கல?" என்றாள்.

"தெரியாத நம்பர் எடுக்காதன்னு நீதானே சொன்ன."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அதிகார எல்லைன்னு ஒரு பாடம் இருக்கும்மா, போட்ட உத்தரவு எதுவரைக்கும் செல்லும்னு. எத்தனை தடவை படிச்சும் மண்டையில ஏறல. இன்னைக்கு ஏறிடுச்சு" என்றாள்.

அந்த முதல்கட்டப் பரீட்சையில் தேறினாள். அதற்கடுத்த பெரிய பரீட்சையில் தேறவில்லை. ஆனால் கப்பல் டிக்கெட் எழுதப் போகவில்லை. தீவு நிர்வாகம் நடத்திய தேர்வை எழுதி, இப்போது பேரிடர் பிரிவில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். தரை ஆடினால் யார் எங்கே போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் ஒத்திகை நடத்துகிறாள். ஒத்திகை நாளில் என்னை மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவாள்.

வீட்டில் ஃபேன் லேசாக ஆடினாலே என் மருமகன், "அத்தை, இன்னைக்கு பேப்பரா, மகளா?" என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான். சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் சொல்லிக் காட்டுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே பலமாக ஆடியது. இந்தத் தடவை தப்பு செய்யவில்லை. ஒரே எட்டில் தேவகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டு ரோட்டுக்கு வந்து நின்றேன். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால், அவளுடைய இன்னொரு கையில் ரெக்கார்டு ரூம் இருந்தது. ஆளுக்கொன்றாக இரண்டையும் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம்.

கீழே வாசலில், சோற்றுக் கையோடு மருமகன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாங்கள்தான் அவரிடம் கேட்கிறோம்.